38 ஆர்க்செகண்ட்

புதன் சூரியனைச் சுற்றும் நீள்வட்டப் பாதை ஒரே நிலையில் இருப்பதில்லை. மற்ற கோள்கள் இழுப்பதால் அந்தப் பாதையே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 1859-இல் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே அந்த இழுப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தார். நூறு ஆண்டுக்கு 38 ஆர்க்செகண்ட் உதைத்தது. ஒரு டிகிரியை 3600 துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுதான் ஆர்க்செகண்ட். இந்த விலகல் ஒரு டிகிரியாகச் சேரவே 9000 வருஷத்துக்கு மேல் ஆகும். போகட்டும்னு விட்டிருக்கலாம்.

அவரால் முடியாது. ஏன்னா யுரேனஸின் பாதையிலிருந்த இதே மாதிரி ஒரு உதைப்பை வைத்துத்தான், வெறும் காகிதத்தில், இன்னொரு கோள் இருக்கும் இடத்தைச் சொல்லியிருந்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் கல்லே தேடினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அப்படி ஜெயித்த மனுஷனிடம் 'இந்தத் தடவை வேற ஏதாவது இருக்கும் சார்' என்று யார் போய்ச் சொல்வது?

ஆக, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள். லெஸ்கார்போ என்ற கிராமத்து டாக்டர், சூரியன்மேல் கரும்புள்ளி ஒன்று நகர்ந்ததைப் பார்த்ததாகக் கடிதம் எழுதினார். லெ வெரியே சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்கே போய் நின்றார். டாக்டருக்குத் தச்சு வேலையும் பழக்கம். கணக்கையெல்லாம் பலகையில் எழுதுவார், இடம் தீர்ந்தால் இழைத்துவிடுவார். வேறு யாராவது என்றால் அங்கேயே திரும்பியிருப்பார்கள். லெ வெரியே நம்பிக்கையோடு பாரிஸ் வந்தார். டாக்டருக்கு அரசு விருது கிடைத்தது, கோளுக்கு வல்கன் என்று பேர் கிடைத்தது. கோள் மட்டும் கிடைக்கவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த வியாதிதான்: போன பக்குக்குப் பலித்த வைத்தியம். ஆனால் அவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். 38-ஐ விடாமல் பிடித்துக்கொண்டது சரி. அதற்கு ஒரே ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டதுதான் வினை.

1877 மார்ச் 22 அன்று வல்கன் சூரியனைக் கடக்கலாம் என்றார். வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 23, நெப்டியூன் கிடைத்த அதே தேதியில், இறந்துபோனார்.

பைத்தியம் அவரோடு போகவில்லை. 1878 கிரகணத்தில் வல்கனைப் பார்த்ததாகச் சொன்ன அமெரிக்கர் வாட்சன், பகலிலும் அதைத் தேட விஸ்கான்சினில் பூமிக்கடியில் ஒரு ஆய்வறை கட்ட ஆரம்பித்தார். முடிவதற்குள் 42 வயதில் செத்தார். பிறகு முடித்துப் பார்த்தார்கள், பயனில்லை.

இதற்கிடையே நியூகோம்ப் அந்த எண்ணை 43 என்று திருத்தியிருந்தார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புச் சமன்பாட்டைப் புதனுக்குப் போட்டுப் பார்த்தார். புதுக்கோள் எதுவும் வேண்டியிருக்கவில்லை, 43 தானாக வந்தது. அப்போது தனக்கு நெஞ்சு படபடத்ததாகப் பிறகு சொல்லியிருக்கிறார்.