ஒரு கிராம் மருந்து, 55 ஆண்டுப் பயணம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஜப்பானில் ஆராய்ச்சிக்குக் காசு கிடையாது. டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் ரத்தத்தை ஆராய்வது என்று முடிவெடுத்தார்கள். பற்றாக்குறை வந்தால் தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், அவளை முதுகில் கட்டிக்கொண்டே உடாகோ சோதனைக்கூடத்தில் நின்றார். பிரசவத்தில் உதிரம் கொட்டிச் சாகும் பெண்களைக் காப்பாற்ற ஒரு மருந்து வேண்டும் என்பதே அவர் தேடல்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் நாளங்களை நெரித்து மூட வேண்டும். அது தளர்ந்துவிட்டால் சிறிது நேரத்திலேயே தாயின் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை முதலில் போடுகிறார்கள். ஆனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோலப் பின்னி அடைப்பை உண்டாக்குகின்றன. பிளாஸ்மின் என்ற நொதி அந்த இழைகளை அறுத்துக் கரைத்துவிடும். பிரசவம் முடிந்த கையோடு இந்தக் கரைப்பு வேகம் எடுக்கிறது.

ஒகமோட்டோ தம்பதி குறிவைத்தது இந்தக் கரைப்பைத்தான். லைசின் என்ற அமினோ அமிலத்தைப் போன்ற சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். முதலில் கிடைத்த மருந்தோடு நிறுத்தாமல், அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஒன்றை 1962இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் ட்ரானெக்ஸாமிக் அமிலம். இழையில் பிளாஸ்மின் பற்றிக்கொள்ளும் பிடியை இது அடைத்துவிடும். உறைந்த ரத்தம் உறைந்தபடியே நிற்கும்.

மருந்து பிறந்துவிட்டது. ஆனால் அது யாருக்காகப் பிறந்ததோ அவர்களிடம் போய்ச் சேரவில்லை. பிரசவ வார்டில் பரிசோதித்துப் பாருங்கள் என்று கோபே நகர மருத்துவர்களிடம் உடாகோ கேட்டுப் பார்த்தார். யாரும் இசையவில்லை. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ளவர்கள் பல் பிடுங்கிக்கொள்ளும்போதும், மாதவிடாயில் பெரும்பாடு வந்த பெண்களுக்கும், பிறகு இதய அறுவை சிகிச்சையிலும் அது பயன்பட்டது. விபத்தில் அடிபட்டவர்களின் உயிரைக் காக்கும் என்று 2010இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

அதே 2010இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் தாய்மார்களுக்கான ஆய்வைத் தொடங்கியது. 21 நாடுகள், 193 மருத்துவமனைகள், 20,060 பெண்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் இந்த மருந்து பெற்றவர்களிடையே ரத்தப்போக்கால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்ததால் பலன் தெரியவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைத் திருத்தியது. ரத்தப்போக்கு தெரிந்தவுடன், பிரசவத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், ஒரு கிராம் மருந்தைச் சுமார் பத்து நிமிடத்தில் ரத்தநாளம் வழியாக ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் உதிரம் நிற்காவிட்டால் இன்னொரு கிராம்.

2016 ஏப்ரலில், 98ஆவது வயதில் உடாகோ காலமானார். அந்த ஆய்வின் முடிவைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான பெண்கள் பிரசவ ரத்தப்போக்கால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை நாட்டுத் தாய்மார்கள். இந்த மருந்து மலிவானது, அறை வெப்பத்திலேயே கெடாமல் இருக்கும். ஆனால் கால் மணி நேரம் தாமதமானாலே அதன் பலன் குறைந்துகொண்டு போகிறது. எனவே பெரிய மருத்துவமனையில் அது இருப்பு இருந்தால் மட்டும் போதாது. முதல் வலி எடுத்ததும் பெண் போய்ச் சேரும் சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். அதை உடனே ஏற்றத் தெரிந்த, ஏற்ற அனுமதியுள்ள செவிலியர் இரவிலும் அங்கே இருக்க வேண்டும். 55 ஆண்டு தாமதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்த மூன்று மணி நேரத்தைத் தவறவிடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.