குற்றமுள்ள தாய்ப்பலகையும் மீளப்பெறும் கடப்பாடும்

விற்ற பொருளிலுள்ள குற்றத்தை விற்றவனே ஊரறியச் சொல்லி அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் வணிக உலகிற் பழைய வழக்கமன்று. வாங்குவோனே பார்த்து வாங்கக் கடவன் என்பதே நெடுங்காலம் நின்ற நெறி. இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இந்நெறியைச் சிறிது தளர்த்தியது. வாங்குவோன் தன் தேவையை அறிவித்து விற்போனது திறமையை நம்பி வாங்குமிடத்துப் பொருள் அத்தேவைக்குத் தக்கதாதல் வேண்டும் என்றது. எனினும் குற்றத்தைக் கண்டு காட்டும் சுமை வாங்கியவன் தலையிலேயே இருந்தது. வண்டியின் அச்சு முறிந்தால் எவரும் காண்பர். நுண்செயலியையும் நினைவகத்தையும் தாங்கி, கணனியின் பிற உறுப்புக்களோடு அவற்றை இணைக்கும் தாய்ப்பலகையிற் குற்றமிருப்பின் அதனை உடையவன் எங்ஙனம் காட்டுவான்?

இவ்வினாவை உலகறிய எழுப்பியவர் ஒரு கணித ஆசிரியர் என்பது மாணவர் உலகம் மகிழத்தக்க செய்தி. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பேர்க் கல்லூரிப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிவருகையில், 1994ஆம் ஆண்டிலே தம் விடைகள் பிழைப்பதைக் கண்டார். தம் நிரலை ஐயுற்றார். பின்னர் பொறியை ஐயுற்றார். ஈற்றிற் குற்றம் இன்ரெல் கம்பனியின் பென்ரியம் நுண்செயலியிலே உள்ளதெனத் துணிந்து ஒக்டோபர் 30இற் பிறர்க்கு எழுதினார். வகுத்தற் கணக்கிற்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாது விடுபட்டிருந்தன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டியவிடத்து அச்செயலி 1.3337 என்றது.

கம்பனி இதனை அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே அறிந்திருந்தது. சாதாரண பாவனையாளர் ஒருவர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழையைச் சந்திப்பார் என்று கூறி, நுட்பமான கணக்குத் தமக்கு வேண்டுமென மெய்ப்பிப்போர்க்கு மட்டுமே மாற்றுச் செயலி தருவதாக முதலில் அறிவித்தது. காசு கொடுத்தவன் தன் கணக்குச் சரியாக இருத்தல் வேண்டுமென்பதற்குக் காரணமுங் காட்ட வேண்டுமாம்! எதிர்ப்பு மூண்டது, ஐ.பி.எம். நிறுவனம் அச்செயலி பூண்ட கணனிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசெம்பர் 20இல், காரணம் கேளாது மாற்றித்தருவதாகக் கம்பனி இணங்கியது. அதற்கென ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர்.

அந்த டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டு நான்காண்டுகளாயிருந்தன. பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்தன, மாணவர் குப்பிவிளக்கிற் படித்தனர். ஆங்கு பென்ரியம் பேச்சுக்கு இடமேயில்லை.

தாய்ப்பலகையே மீளப்பெறப்பட்ட நிகழ்ச்சி 2000ஆம் ஆண்டிற்கு உரியது. இன்ரெலின் 820 என்னுஞ் சில்லுத் தொகுதி, விலை மிகுந்த றாம்பஸ் நினைவகத்திற்கென வகுக்கப்பட்டது. மலிவான பழைய நினைவகத்தையும் அதனோடு பொருத்துதற்கு இடையிலே மொழிபெயர்ப்பாளன் போன்றதொரு சில்லு வைக்கப்பட்டது. அச்சில்லில் எழுந்த மின்னிரைச்சலாற் கணனி தானே உறைந்தது, அல்லது மீளத் தொடங்கியது. சேமித்த தரவு பழுதுறவுங் கூடும் என்று அஞ்சப்பட்டது. மே 10இல், அச்சில்லைக் கொண்ட பலகைகளை மாற்றித்தருவதாகக் கம்பனி அறிவித்தது. அவற்றின் தொகை பத்து இலட்சத்திற்குக் குறைவு என்றது. இம்முறை தேவையை மெய்ப்பிக்குமாறு எவரையும் கேட்கவில்லை. ஆறாண்டுகளுக்கு முன் பெற்ற அடி வீண்போகவில்லை எனலாம்.

ஆனால், மீளப்பெறல் என்பது ஒரு வழியை முன்னிட்டுச் செய்யப்படும் வாக்குறுதி. அறிவித்தல் உடையவனை எட்டல் வேண்டும்; பலகை கடைக்குச் சென்று புதியது திரும்பல் வேண்டும். அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன், ஏப்பிரல் 22இல், ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்திருந்தது. மே மாதத்திலே தென்மராட்சி மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்தனர். கண்டி வீதி 2002 வரை திறக்கப்படவில்லை. இத்தகைய பலகையொன்று அந்நாளிற் குடாநாட்டில் இருந்திருப்பின், அதனைக் காங்கேசன்துறையிற் கப்பலேற்றித் திருகோணமலை வழியே கொழும்புக்கு அனுப்பத் துணிந்திருப்பவர் எவர்? சாக்கிற் கட்டிய பாத்திரங்களோடு கணனியையும் தூக்கிச் செல்வதா என்பதே அந்நாளைய வினா.

2011 சனவரி 31இல் அதே கம்பனி மற்றுமொரு குற்றத்தைத் தானாகவே வெளியிட்டது. அம்மாதமே விற்பனைக்கு வந்த ஆறாந் தொடர்ச் சில்லுத் தொகுதியில், வன்தட்டுக்களை இணைக்கும் ஆறு வாயில்களுள் நான்கு காலப்போக்கில் நலியும் எனக் கண்டது. திருத்தவும் மாற்றவும் 700 மில்லியன் டொலர் மதிப்பிடப்பட்டது. இவ்வேளை போர் முடிந்து கண்டி வீதி திறந்திருந்தது. கொழும்புக்குப் பலகையை அனுப்ப ஓரிரவுப் பயணம் போதும். வேறொரு தடையே எஞ்சியது. கூறுகூறாக வாங்கிப் பொருத்திய கணனியில் எவர் செய்த பலகை உள்ளதென்பதை உடையவர் அறியாதிருக்கவுங் கூடும். மாற்றித்தருமாறு கேட்பதற்கோ பற்றுச்சீட்டு வேண்டும். வாங்குவோன் கேட்குமிடத்து வணிகன் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வேண்டுமென 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விதிக்கின்றது. கேட்குமிடத்து என்னுஞ் சொல்லே ஈண்டு நோக்கற்பாலது. கேளாது வந்தவர்க்கு ஒரு வழி இருந்தது: எஞ்சிய இரு வாயில்களும் பழுதற்றவை, வன்தட்டின் வடத்தைக் கழற்றி அவற்றுள் ஒன்றிற் செருகிவிட்டால், பலகையை மாற்றாமலே காலந்தள்ளலாம்.