பரணிலிருந்து இறங்கும் ஸ்டீரியோ

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ பழைய வீடு ஒன்றின் பரணில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளை அண்டா, தொட்டில் கம்பு, சுருட்டி வைத்த பாய் ஆகியவற்றின் நடுவே, துணியால் மூடிய நீண்ட கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தால் வியப்படைய வேண்டாம். இரு புறமும் வட்டமான வலைமூடிகள். நடுவே கேசட் செருகும் கதவு. மேலே வானொலி நிலையங்களைக் காட்டும் முள். தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. டூ-இன்-ஒன் என்றும் ஸ்டீரியோ செட் என்றும் அதை அழைத்தார்கள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், இவ்வூர்களெல்லாம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தபோது, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் ஊர் திரும்புகையில் சுமந்து வந்த பெட்டி அது.

இன்று பேரப்பிள்ளைகள் அதைக் கீழே இறக்குகிறார்கள். இதில் நல்ல ஸ்பீக்கரும் புதிய ஆம்ப்ளிஃபயரும் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், அப்பெட்டிக்குள் இருப்பவை எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்று அறிந்துகொள்வது நல்லது.

முதலில் ஸ்பீக்கர். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். இன்று நீங்கள் கடையில் வாங்கும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் இதே அமைப்புத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. கூம்பின் வெளி விளிம்பை ஏதேனும் ஒன்று தாங்க வேண்டும். அதே சமயம் அது கூம்பின் அசைவைத் தடுக்கக் கூடாது. அதற்கு அக்காலத்து ஸ்பீக்கர்கள் பலவற்றில் என்ன பயன்படுத்தினார்கள் தெரியுமா? மெல்லிய தோல்!

தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பறைக்கும் தவிலுக்கும் தோலை இழுத்துக் கட்டுகிறோம். இறுக்கமான தோலுக்குத் தனக்கென ஒரு சுருதி உண்டு. தட்டினால் அச்சுருதியில் முழங்கும். ஸ்பீக்கரின் விளிம்புத் தோலோ இதற்கு நேர்மாறானது. அது தளர்வாக, தனக்கெனச் சுருதி ஏதுமின்றி, கூம்பு ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் இசைந்து கொடுக்க வேண்டும். பின்னாளில் தோலின் இடத்தைத் துணியும் ரப்பரும் பிடித்தன. 1970களில் பாலியூரிதேன் நுரையும் பரவலாக வந்தது. நுரை மலிவானது, இலேசானது. ஆனால் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதையும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஸ்பீக்கரைத் தொட்டதும் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். அதைக் கண்டு ஸ்பீக்கரையே தூக்கி எறிந்துவிடாதீர்கள். கூம்பும் சுருளும் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றலாம். வெளிநாடுகளில் பழைய ஸ்பீக்கர்களைச் சீர்செய்வோர் சிலர் இதற்கு மெல்லிய ஆட்டுத்தோலையே நாடுகிறார்கள். ஷூவின் உட்புறத்தில் தைக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் ஆம்பூரில் கிடைக்காமலா போகும்?

பெட்டியின் மற்றப் பகுதிகள் பின்னர் வந்தவை. 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் ரீஜென்சி என்ற பெயரில் நான்கு டிரான்சிஸ்டர்கள் கொண்ட சட்டைப்பை வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. துளையிட்ட தோலுறைக்குள் இருந்து பாடிய டிரான்சிஸ்டர் வானொலிகளை உங்கள் தாத்தாக்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டைக் காட்டியது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். பேச்சைப் பதிவதற்கெனக் கருதப்பட்ட இச்சிறு பொருளை இசைக்கு ஏற்றதாக்கியவற்றுள் ஒன்று குரோமியம் டையாக்சைடு பூசிய நாடா. 1970களின் தொடக்கத்தில் அது வந்தது. தோலைப் பதப்படுத்தும் அதே குரோமியம், வேறொரு சேர்மமாக நாடாவிலும் ஏறியது. பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் வானொலியையும் கேசட்டையும் இரண்டு ஸ்பீக்கர்களோடு ஒரே பெட்டியில் அடைத்து உலகெங்கும் அனுப்பின.

இந்தப் பெட்டி நம் ஊர்களில் பாட்டுக் கேட்க மட்டும் பயன்படவில்லை. தொலைபேசி அரிதாக இருந்த நாட்களில், கடல் கடந்தவர்கள் தம் குரலைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டார் பதிலையும் அப்படியே அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் மகனுக்கும் நடுவே வேறொருவர் அமர்ந்து கடிதம் வாசிக்க வேண்டிய நிலை அதனால் நீங்கியது. இதை மறவாதீர்கள், கடைசியில் இதற்கே வரப்போகிறோம்.

இனி ஆம்ப்ளிஃபயரைப் பார்ப்போம். பெட்டியின் மீது நூற்றுக்கணக்கான வாட் என்று, பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளோடு அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். அந்த எண்ணை அளக்க யாரும் ஒப்புக்கொண்ட விதி ஏதும் கிடையாது. உண்மையை நீங்களே கணக்கிடலாம். ஆறு பேட்டரிகள் போட்டால் 9 வோல்ட். சாதாரண ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய மிகுதியான திறன், வோல்ட்டின் வர்க்கத்தை ஸ்பீக்கர் மின்தடையின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 81ஐ 32ஆல் வகுக்க, ஏறத்தாழ 2.5 வாட். அவ்வளவுதான்! டி.பி.ஏ. 810 என்ற ஐ.சி. நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு நன்கு அறிமுகமானது. அதன் குறிப்பேட்டிலும் 9 வோல்ட்டில் 4 ஓமுக்கு 2.5 வாட் என்றே இருக்கும். அதுவும் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஒலிச்சிதைவோடு. அதே ஐ.சி. 16 வோல்ட்டில் 7 வாட் தரும். ஐ.சி.யைவிட அதற்கு ஊட்டும் மின்னழுத்தமே வாட்டைத் தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியானால் மின்னழுத்தத்தைக் கூட்டிவிட்டால் போதுமே என்பீர்கள். கூட்டினால் கேசட் மோட்டாரும் வானொலிப் பகுதியும் அதைத் தாங்குமா? அவற்றுக்குப் பழைய 9 வோல்ட்டும் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி மின்வழியும் அமைக்க வேண்டும். சூட்டை வெளியேற்ற அலுமினியத் தகடும் வேண்டும். இவ்வளவு செய்து திறனை இரட்டிப்பாக்கினாலும் ஒலி 3 டெசிபெல்தான் உயரும். ஒலி இரு மடங்காகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் இது. பழைய பெட்டியின் காகிதக் கூம்பு இலேசானது. இரண்டு வாட்டிலேயே உரக்கப் பாடும். அதைக் கழற்றிவிட்டு, பளபளப்பான கார் ஸ்பீக்கரை மாட்டுகிறார்கள். அதன் கூம்பு கனமானது. அதே ஆம்ப்ளிஃபயரில் அது முன்னைவிட மெதுவாக ஒலிக்கக்கூடும். மேலும் 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் வைத்தால் மின்னோட்டம் இரு மடங்காகி ஐ.சி. சூடேறும். ஆகவே வாட்டைப் பார்ப்பதற்கு முன், 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் என்ற எண்ணைப் பாருங்கள். 3 டெசிபெல் கூடுதலான ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பேட்டரிச் செலவும் இல்லை.

ஸ்பீக்கரும் பெட்டியும் கணவன் மனைவி போன்றவை. ஒன்றின் இயல்பறியாமல் மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இதைக் கணக்காக்கிக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் 1961இல் கட்டுரை எழுதிய நெவில் தீலும், 1970களில் அதை விரித்த ரிச்சர்ட் ஸ்மாலும் ஆவர். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் போல் கூம்பைத் தள்ளும். பெட்டி சிறியதானால் வில் விறைப்பாகும், தாழ்ந்த சுருதிகள் எழாமல் நின்றுவிடும். பிளாஸ்டிக் பெட்டியின் இண்டு இடுக்குகளை அடைப்பதும், அதிரும் சுவர்களுக்கு உள்ளே கனமான ரப்பர் ஒட்டுவதும் விலை குறைந்த வேலைகள். ஆனாலும் புது ஸ்பீக்கர் தராத பலனை இவை தரக்கூடும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அக்கழிவுநீர் அமிலம் கலந்த கழிவுநீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. அவ்வாயு வெள்ளியையும் தாமிரத்தையும் கறுப்பாக்கும். கால் கொலுசு கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்தொடர்புகளுக்கும் அதே கதிதான். 1985இல் அமெரிக்கக் கருவியியல் சங்கம் வெளியிட்ட தரவிதி, தாமிரத் தகட்டைக் காற்றில் ஒரு மாதம் வைத்து, அதன்மீது படரும் படலம் 30 நானோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே மின்னணுக் கருவிகளுக்கு ஏற்ற காற்று என்கிறது. பதனிடும் தொழிற்சாலைக்கு அருகில் இருந்த பெட்டியின் சுவிட்சுகளும் பிளக் ஓட்டைகளும் கறுத்திருந்தால், ஒரு பக்கம் பாடி மறுபக்கம் கரகரக்கும். ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று அதை எறிந்தவர்கள் எத்தனை பேரோ! தொடர்பு துடைக்கும் திரவத்தைத் தெளித்து, சுவிட்சுகளை இருபது முறை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பிறகு, உலர்ந்துபோன மின்பகு மின்தேக்கிகளை மாற்றுங்கள். இவை முடிந்தபின் கேட்டுவிட்டு, புது ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்று முடிவெடுங்கள்.

வேண்டுமென்றே முடிவெடுத்தால், இன்று டி-வகை ஆம்ப்ளிஃபயர் பலகைகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். மின்னோட்டத்தை நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடி வேலை செய்வதால் அவை சூடாகி வீணாக்குவது மிகக் குறைவு. ஆனால் அத்திறப்பும் மூடலும் வானொலி அலைகளையும் கிளப்பும்; 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையான நடுஅலை வானொலி இரைச்சலில் மூழ்கும். பலகையை உலோகத் தகட்டால் மூடி, பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி ஆண்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்போது பலரும் செய்வது வேறு. கேசட் பொறியை முழுவதும் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் ப்ளூடூத் பலகையைப் பொருத்துகிறார்கள். பெட்டி பழையது, பாட்டு புதியது என்று மகிழ்கிறார்கள். அந்த வீட்டு அலமாரியில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த கேசட் ஒன்று இருந்தால், அதைப் பாட வைக்கும் கருவி அன்றோடு அவ்வீட்டை விட்டுப் போயிற்று. ஸ்பீக்கரை மாற்றினால் மீண்டும் பழையதை மாட்டலாம்; உடைத்த கேசட் பொறியை மீண்டும் செய்ய இயலாது. அதில் பெரும்பாலும் கெடுவது ஒரு ரப்பர் பெல்ட்டே. அது உருகித் தார் போல ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, அதே நீளமுள்ள புதியதை மாட்டலாம்.

மாட்டியவுடன் குரல் கேசட்டை அதில் போட்டுவிடாதீர்கள். வேண்டாத கேசட் ஒன்றை முதலில் ஓட்டி, நாடா சிக்காமல் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு குரல் கேசட்டை எடுத்து அதன் பின் விளிம்பைக் கவனியுங்கள். இரு ஓரங்களிலும் சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். இரண்டையும் ஒடித்துவிட்டால், சிவப்புப் பொத்தானை யார் தவறி அழுத்தினாலும் அந்தக் குரலின்மீது வேறெதுவும் பதியாது.