நண்பகல் மணியும் சோற்று டப்பாவும்

வழிப்பயணம் செல்வோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது நம் நாட்டில் பழைய வழக்கம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் அதற்கென்றே அமைந்தவை போலும். ஆயினும், வழிப்போக்கன் மரநிழல் கண்ட இடத்தில் அமர்ந்து ஆற அமர உண்பான். பள்ளிக்குச் சோறு கொண்டு செல்லும் சிறு பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. அதற்கு மணி உண்டு. மணிக்கு முன்னும் உண்ணலாகாது. மறுமணி அடித்த பின்னும் உண்ணலாகாது. இந்த மணிக்கும் சோற்றுக்கும் உள்ள உறவைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். (பூவிருந்தவல்லி என்று சொன்னால் அது எந்த ஊர் என்று இக்காலப் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆகவே பூந்தமல்லி என்றே சொல்கிறேன்.) ஏரியும் வயலுமாக இருந்த இந்நிலம், நாடு விடுதலை பெற்ற பின்னர் தொழிற்சாலை நிலமாயிற்று. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1959இல் டன்லப் டயர் ஆலை எழுந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றிற்று. வயலில் உழுதவர்கள் கதிரவனைப் பார்த்து உண்டார்கள். ஆலையில் சேர்ந்தவர்கள் சங்கொலி கேட்டு உண்டார்கள். நாளடைவில் தாயும் வேலைக்குப் போகும் வீடுகள் பெருகின. நண்பகலில் வீட்டுக்கு ஓடி வந்து உண்டு திரும்ப வேண்டிய பிள்ளைக்குக் கதவு பூட்டிக் கிடந்தது. ஆகவே சோறு பிள்ளையோடு பள்ளிக்கு வரத் தொடங்கிற்று. முதலில் அலுமினியத் தூக்கில், பின்னர் எவர்சில்வர் டப்பாவில்.

டப்பாவில் வைக்கச் சோறில்லாத பிள்ளைகளின் கதை இன்னும் பழையது. 1920இல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் உணவளிக்க மாநகராட்சி மன்றம் இசைந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவலாயிற்று. செலவில் ஒரு பங்கை அரசும் மறு பங்கை ஊராரும் ஏற்றனர். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊர்ப்புறத்தில் தொடங்கி, அவ்வாண்டிலேயே நகர்ப்புறத்திற்கும் வந்தது. 1989இல் முட்டை சேர்ந்தது. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024இல் அரசு உதவி பெறும் ஊரகப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, அவ்விழா எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் நடந்தது.

இவ்வரலாறு முழுவதிலும் ஒன்றைக் காணலாம். அணா, பைசா, கிராம் என்று அளவு பேசப்படுகிறது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாளும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. சமையற்கூடமும் வேண்டும் என்கிறது. உண்பதற்கு எத்தனை நிமிடம் என்பதை இவ்விரண்டும் சொல்லவில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பாருங்கள். ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது; இடையில் அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும் என்று அது 2025 வரை விதித்திருந்தது. அம்பத்தூர் ஆலையில் கடைசல் பிடித்த தந்தைக்கு அச்சட்டம் அரை மணியை உறுதி செய்திருந்தது. முதல் வகுப்பில் படித்த அவர் மகளுக்கு அந்த உறுதி இல்லை.

கால அட்டவணையில் நாற்பது நிமிடம் என்று எழுதியிருக்கலாம். அது உண்ணும் நேரம் அன்று. முந்தைய பாடம் முடிய ஐந்து நிமிடம் தாமதிக்கும். இரண்டே குழாய், பெரிய வகுப்புப் பையன்கள் முந்திக்கொள்வார்கள். கை கழுவி, இடம் பிடித்து, பையிலிருந்து டப்பாவை எடுத்தால் மூடி திறவாது. அதிகாலையில் சூடாக வைத்து அழுத்தி மூடியது, ஆறியதும் இறுகிவிடும். ஐந்து வயது விரல்கள் அதனோடு போராடும். ஆசிரியை ஒருவர் முப்பது மூடிகளையும் திறந்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். சிறு பிள்ளை மென்று விழுங்குவதும் மெதுவாகத்தான். பால்பல் விழுந்துகொண்டிருக்கும் வயது அல்லவா? மீந்த சோறு வீட்டுக்குப் போகும். "ஏண்டா சாப்பிடலை?" என்று தாய் கடிந்துகொள்வாள். "நேரமில்லை" என்று பிள்ளை சொன்னால் யார் நம்புவார்கள்?

நம் தாய்மார்கள் இதற்கு விடை காணாமல் இல்லை. நண்பகலில் தயிர்ச்சோறு புளித்துவிடாதிருக்க, காலையில் குழைந்த சோற்றில் பாலை மிகுதியாக விட்டு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்ப்பார்கள்; பள்ளி மணி அடிக்கும் வேளையில் அது பதமாக உறைந்திருக்கும். இது எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத அறிவியல். சாம்பார் சோறு காலையில் நெகிழ இருந்தால்தான் மதியம் இறுகாது. இட்லியை முழுதாக வைக்காமல் துண்டுகளாக்கி மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் புரட்டி வைத்தால், தொட்டுக்கொள்ளத் தனிக் கிண்ணம் வேண்டாம். முருங்கைக்காய் போட்டு அனுப்பும் அன்னையரை மட்டும் நான் மன்னிப்பதில்லை; அதைச் சப்பிச் சாப்பிட அரை நாள் விடுமுறைதான் விடவேண்டும்.

ஜப்பானியர் இதை வேறு வகையில் அணுகினார்கள். அங்கே 1954இல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் இயற்றினார்கள். பிள்ளைகளே பரிமாற, ஆசிரியரும் வகுப்பறையில் உடனமர்ந்து உண்கிறார். உணவு வேளை கல்வியின் ஒரு கூறாகவே எண்ணப்படுகிறது.

நம் பள்ளிகளில் அத்துணை ஏற்பாடு எளிதன்று. ஆயினும் மணி தலைமையாசிரியர் கையில்தான் இருக்கிறது. என் பணியின் கடைசி ஆண்டுகளில், முதலிரு வகுப்புகளுக்கு மட்டும் பத்து நிமிடம் முன்னதாக உணவு மணி அடிக்கச் செய்தேன். பாடத்தில் குறைந்த நேரத்தை மாலைக் கதை வேளையில் ஈடுசெய்தோம். குழாயடியில் நெரிசல் இல்லை. எளிதில் திறக்கும் டப்பா வாங்கித் தரும்படி பெற்றோர் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டேன். சில வாரம் கழித்து, பேத்தியை அழைத்துப்போக வந்த மூதாட்டி ஒருவர் என்னிடம், "டப்பா கழுவினது மாதிரி வருது சார். இன்னும் ஒரு கரண்டி கூட வைக்கட்டுமா?" என்று கேட்டார். வைக்க வேண்டாம், அளவு சரியாகவே இருக்கிறது என்றேன்.