கண்டதா, கேட்டதா? தரியானா மொழியின் வினைமுற்று

தாய்மொழி நாள் மலரில் தமிழின் பெருமையைத் தமிழர்க்கே எடுத்துரைப்பது மிகை. ஆகவே பிரேசிலின் வடமேற்கு மூலையில், வவுபெசு ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ நூறு பேர் நாவில் மட்டும் எஞ்சியுள்ள தரியானாவைப் பற்றி எழுதுகிறேன். அரவாக் குடும்பத்து மொழி. அலெக்சாந்திரா ஐகன்வால்டு 2003இல் இதற்குப் பேரிலக்கணம் ஒன்றை வெளியிட்டார். வல்லொலிகளோடு மூக்கொலிகளும் மூச்சு கலந்து ஒலிக்கும் இதன் ஒலியமைப்பு தனிக் கட்டுரைக்கு உரியது. வினைமுற்றோடு நிற்கிறேன்.

'ஜூசே பந்தாடினான்' என்று தரியானாவில் வெறுமனே சொல்லிவிட முடியாது. அண்மையில் நடந்ததைக் கண்ணால் கண்டிருந்தால் வினை '-கா' என முடியும். ஓசையை மட்டும் கேட்டிருந்தால் '-மஹ்கா'. பந்தும் காலணியும் வழக்கமான இடத்தில் இல்லாமை கண்டு உய்த்துணர்ந்தால் '-நிஹ்கா'. ஞாயிறுதோறும் ஆடுபவன் என்ற பொது அறிவால் கொண்டால் '-சிகா'. பிறர் சொல்லக் கேட்டதாயின் '-பிடகா'. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளைப் பயின்றவர்க்கு இது புதுமையாகாது. மரத்தில் பேய் உண்டென்ற உலகுரையைக் கொண்டு தெளிவதை அங்கே ஐதிகம் என்பர். '-பிடகா' அதற்கு அடுத்த வீடு. சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குவதையும் இங்கே நினைக்கலாம். எனினும் அளவை நூலார் ஆராய்வது அறிவின் மெய்ம்மையை. தரியானா ஈறு சொல்வதோ அறிந்த வழியை மட்டுமே. இரண்டும் ஒன்றெனச் சாதிப்பது புலமைக்கு அழகன்று.

கண்டேன், கேட்டேன் என்று எம்மொழியிலும் கூறலாமே, தமிழிலும் 'வந்தானாம்' உண்டே எனலாம். உண்டுதான். ஆனால் 'ஆம்' சேர்ப்பதும் விடுவதும் நம் விருப்பம். தரியானாவில் ஈற்றை விட்டால் வாக்கியம் பிழை. இவ்வமைப்பு அண்டை மொழியான துக்கானோவின் வழி வந்தது, தரியானா மறைந்தாலும் இழப்பில்லை என்பது இன்னும் வலிய மறுப்பு. அப்பகுதி மக்கள் வேற்றுமொழிக் குடியில்தான் மணம் கொள்வர்; ஆதலால் பன்மொழி அறிவு இயல்பு, சொற்கலப்போ இழுக்கு. எனவே துக்கானோவின் பாகுபாடு உள்ளே நுழைந்தது, அதன் சொல் நுழையவில்லை. கேட்டலையும் உணர்தலையும் குறிக்கும் தன் சொந்த வினையிலிருந்தே தரியானா செவியறிவுக்கான ஈற்றை ஆக்கிக்கொண்டது. இதை இரவல் என்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மொழி தன் இயல்பு கெடாமல் வளர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

1920களில் வந்த சலேசியத் துறவியரின் விடுதிப் பள்ளிகள் தாய்மொழிப் பேச்சை ஒடுக்கின. மக்கள் துக்கானோவுக்கு மாறினர். 2002இல் அப்பகுதியின் சாவோ கப்ரியேல் தா கஷோய்ரா நகராட்சி நெங்ஙாத்து, துக்கானோ, பனிவா மூன்றையும் ஆட்சிமொழிகளாக்கியது. தரியானா அப்பட்டியலில் இல்லை. நம் மொழியியல் துறைகள் ஐகன்வால்டின் இலக்கணத்தைப் பாடமாக்கி, அதன் ஒளியில் தமிழின் 'ஆம்' ஈற்றை மீண்டும் ஆராய முன்வர வேண்டும்.