பழுத்தும் புளிக்கிற பழம்

அமராவதி நகர்ல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. “அண்ணா, மாங்கா பழுத்தா இனிக்குது. எங்க ரோட்டோரப் புளியமரத்துப் பழம் பழுத்தும் ஏன் புளிக்குது?”

அருமையான கேள்வி. மாங்காய்ல அதிகம் இருக்கிறது சிட்ரிக் அமிலம். பறிச்ச பிறகும் காய் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும். பழுக்கும்போது அந்த அமிலத்தையே எரிபொருளா எரிச்சுடும். மாவுச்சத்து சர்க்கரையாகும். புளியில இருக்கிறது டார்டாரிக் அமிலம். பழுக்கும்போது இது பெருசா எரியறதில்லை. அதனால சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் புளிப்பு அப்படியே நிக்கும். பழுத்த சதையில நூத்துக்குப் பத்துப் பங்குக்கு மேலகூட இந்த அமிலம் இருக்கும். எலுமிச்சைச் சாறுல அமிலம் ஆறேழு பங்குதான். புளி வருஷக்கணக்குல கெடாம இருக்க இதுவும் ஒரு காரணம்.

திராட்சையிலயும் இதே கதைதான். பழுக்கப் பழுக்க மாலிக் அமிலம் எரிஞ்சு குறையும், டார்டாரிக் தங்கிடும். ஒயின் பீப்பாய்க்குள்ள அது உப்பாப் படியும். அந்தப் படிவுக்கு ஐரோப்பாவுல ‘டார்டர்’னு பேர். 1769-ல ஸ்வீடன்காரர் ஷீலே அதுல இருந்துதான் அமிலத்தைப் பிரிச்சார். 1848-ல பாஸ்டர் இதோட இரட்டைப் பிறவி அமிலத்தின் உப்பை எடுத்து, கண்ணாடி பிம்பம் மாதிரி இருந்த ரெண்டு வகைப் படிகங்களைக் கையால பொறுக்கிப் பிரிச்சார். மூலக்கூறுக்கும் இடது, வலது உண்டுங்கிற வேதியியலே அங்கதான் தொடங்குது.

நம்ம அடுப்படியில தினம் கரைச்ச அமிலத்துக்குப் பேர் மட்டும் பீப்பாய்ல இருந்து வந்திருக்கு. எனக்கு இதுல கொஞ்சம் கடுப்புதான். ஆனா மரத்தோட பேர்ல நாமளும் சும்மா இல்லை! அரேபியர்கள் ‘தமர் ஹிந்தி’ன்னாங்க, அதாவது இந்தியப் பேரீச்சை. 1563-ல கோவாவுல அச்சான கார்சியா தா ஓர்த்தாவோட மருந்து நூல்லயும் புளிக்குத் தனி உரையாடல் உண்டு. 1753-ல லின்னேயஸ் ‘இண்டிகா’ன்னு முத்திரையே குத்திட்டார். மரத்தோட பூர்வீகமோ ஆப்பிரிக்கா.

நம்ம பக்கம் இந்த மரம் சாலை நிழலுக்காக நட்டது. காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவாங்க. ரோடு அகலமாகும்போது முதல்ல விழுறதும் இதுதான். பதிலுக்கு விதை போட்டு வளர்க்கிற கன்னு காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். நிழல் தர இன்னும் நாளாகும்.