வன்தட்டின் முதல் 512 பைட்டுகள்

பத்திரிகையாளனின் மடிக்கணினியில் செய்தி மட்டுமல்ல, செய்தி தந்தவரின் பெயரும் இருக்கிறது. உள்நுழைவுக் கடவுச்சொல் அதைக் காக்காது. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் யாவும் தெரிந்துவிடும். தட்டு முழுவதையும் மறைகுறியாக்குங்கள் என்று இளைய சகாக்களை நான் வற்புறுத்துவது அதனாலேயே.

இவ்வழி எளிதாகத் திறந்துவிடவில்லை. 1983 இல் ஐ.பி.எம். எக்ஸ்.ரி. கணினி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தபோது, தட்டைப் பிரிக்கும் அட்டவணை முதல் 512 பைட்டுகளுக்குள் அடக்கப்பட்டது. எம்.பி.ஆர். என்பது இதுவே. நான்கு பகுதிகளுக்கே அதில் இடமுண்டு. 2004 இல் வெளியான ட்ரூகிரிப்ட், 2008 முதல் வின்டோஸ் இயங்கும் தட்டையே பூட்டியது. கடவுச்சொல் கேட்கும் நிரலைத் தட்டின் அந்தத் தொடக்கத்தில் வைத்தது. 2012 இல் வந்த வின்டோஸ் 8 கணினிகளிலோ ஜி.பி.ரி. என்னும் புதிய முறை. காவலாளி நிற்க வாயிலே இல்லை! பலர் தட்டை முற்றாக அழித்து, எம்.பி.ஆருக்கும் பழைய பயாஸ் முறைக்கும் திரும்பினர். பாதுகாப்புக்காகப் பின்னோக்கி நடந்த விசித்திரம் அது.

2014 மே மாதத்தில் ட்ரூகிரிப்ட் திடீரென நிறுத்தப்பட்டது. அதன் வழிவந்த வெராகிரிப்ட் 2016 இல் ஜி.பி.ரி. தட்டுகளையும் பூட்டத் தொடங்கியது. 2017 இல், கோப்புகளை அழிக்காமலே எம்.பி.ஆரை ஜி.பி.ரி. ஆக்கும் கருவியை மைக்ரோசொப்ட் வின்டோஸ் 10 உடன் தந்தது. அன்று பின்னோக்கிப் போனவர்கள் திரும்பிவர, மீண்டுமொருமுறை தட்டைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.